லயால்பூரில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்களா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 ஆகஸ்ட் 15

பஞ்சாபிலிருந்து வந்த முதியவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பிரிவினைக்கு முன் இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரும் அண்ணன் தம்பிகளாக இருந்தார்களாம். யாரோ வெளியாட்கள் வந்து கெடுத்துவிட்டார்களாம். அப்படியானால் சில மாதங்களுக்குள் ஊர் ஊராக எப்படி எரிந்தது? இது வயதானவர்களின் ஏக்கம், வரலாறு இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் நேரில் கேட்டதைச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 15, இரவு

நேரில் கேட்டது என்னிடம் இருக்கிறது. ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை. 1973இல் டில்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பஞ்சாபி வீட்டின் பர்சாதியில் குடியேறினோம். மொட்டை மாடியில் ஒன்றரை அறை, கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. அந்தக் காலத்து டில்லித் தமிழர்களில் பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு பஞ்சாபி வீட்டின் தலைமேல்தான் குடித்தனம் செய்தார்கள். கீழே இருந்த வீட்டுக்காரரை எல்லோரும் பாவூஜி என்று அழைத்தார்கள், நாங்களும் அப்படியே. 1931இல் லயால்பூரில் பிறந்தவர். "பகத் சிங்கைத் தூக்கிலிட்ட வருடத்துப் பிள்ளை" என்று அவருடைய அம்மா கணக்குச் சொல்வாராம். பகத் சிங் பிறந்த பங்கா கிராமமும் அந்த மாவட்டம்தான். 105ஆம் எண் சக். கால்வாய்ப் பாசனத்துக்காகக் குடியேற்றிய கிராமங்களைச் சக் என்பார்கள்.

பாவூஜிக்கு இப்போது 92 வயது. நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இத்தனை வருடத்தில் அவர் ஒரு முறைகூட "அண்ணன் தம்பிகளாக இருந்தோம்" என்று சொன்னதில்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது, எந்தப் பாத்திரம் யாருக்கு என்றுதான் சொல்வார்.

2023 ஆகஸ்ட் 16

ஊரைச் சொல்லாமல் மேலே போனால் எதுவும் புரியாது.

லயால்பூர் இன்றைய பாகிஸ்தானின் பைசலாபாத். 1977இல் சவுதி மன்னர் பைசலின் பெயரை வைத்தார்கள். பழைய பெயர் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் லயாலுடையது. ஊரின் நடுவில் மணிக்கூண்டு. 1903 நவம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அதிலிருந்து எட்டுத் திக்கிலும் எட்டுக் கடைத்தெருக்கள் பிரியும்: கச்சேரி பஜார், ரயில் பஜார், கார்கானா பஜார், மாண்ட்கோமரி பஜார், ஜங் பஜார், பவானா பஜார், அமீன்பூர் பஜார், சினியோட் பஜார். மேலேயிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கொடியைப் போலவே இருக்கும். எங்களுக்கு அது கொடி என்று யாரும் சொல்லவில்லை, மாட்டுவண்டிச் சக்கரம் என்றே நினைத்திருந்தோம் என்பார் பாவூஜி.

இதை நான் கேட்டு அறியவில்லை, மிதித்து அறிந்தேன். ஒரு கோடை விடுமுறையில் மொட்டை மாடித் தரையில் சாக்கட்டியால் ஊரையே வரைந்துகாட்டினார். நடுவில் ஒரு கட்டம், எட்டுக் கோடுகள், சுற்றி ஒரு வட்டச் சாலை. "இங்கே கோர்ட், இங்கே ஸ்டேஷன், இங்கே நம் மண்டிக்கடை." என் தங்கை மறுநாள் அதன்மேல் பாண்டி ஆடினாள். ஒற்றைக் காலில் ரயில் பஜாரிலிருந்து மணிக்கூண்டுக்குத் தாவி, சில்லைக் கச்சேரி பஜாரில் எறிவாள். கோடு அழியும்போதெல்லாம் அவரே மேலேறி வந்து திருத்தி வரைவார். கடைசியாக வரைந்தது அடுத்த மழைக்காலத்தில் கரைந்தது.

2023 ஆகஸ்ட் 16, சற்று நேரம் கழித்து

எழுதியதை ஒருமுறை படித்தேன். "ஜேம்ஸ் லயாலுடையது" என்று விட்டதால் ஊரை அமைத்தவரும் அவரே என்று தோன்றும். இல்லை. கால்வாய் வெட்டிய நிலத்தில் விவசாயிகளைக் குடியேற்றும் வேலையை நேரில் நின்று நடத்தியவர் குடியேற்ற அதிகாரி பாப்ஹம் யங். லயால் பெயர் கொடுத்தவர் மட்டுமே.

2023 ஆகஸ்ட் 18

பாத்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், இதுதான் கடினமானது.

பாவூஜியின் அப்பாவுக்குத் தானிய மண்டி. கோதுமை, பருத்தி. சுற்றுப்புறச் சக்குகளிலிருந்து விவசாயிகள் வண்டி கட்டி வருவார்கள், சீக்கியர்களும் முஸ்லிம்களும். கடைத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் உண்டு. தண்ணீர் கேட்டால் சீக்கியருக்குக் குவளை. முஸ்லிமுக்கு உள்ளங்கையில் ஊற்றுவார்கள். அவர்களுக்கான ஹூக்காவும் தனி. அன்று பஞ்சாபின் ரயில் நிலையங்களில் "இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர்" என்று கூவிக்கொண்டு இரண்டு ஆட்கள் போவார்கள். அது யாருக்கும் வினோதமாகப் படவில்லை என்கிறார்.

பள்ளியில் பாவூஜிக்கு ஒரு நண்பன், நெசவுக்காரர் மகன். அவன் கொய்யா கொண்டுவருவான். முழுக் கொய்யாவை வீட்டுக்குள் எடுத்துப் போகலாம், நறுக்கியதைக் கொண்டுபோகக் கூடாது. ஈத் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து இனிப்பு வரும். அவர்கள் சமைத்ததை இவர்கள் தொடமாட்டார்கள் என்று தெரிந்து, இந்து ஹல்வாய் கடையில் வாங்கி, கட்டுப் பிரிக்காமல் அனுப்புவார்கள்.

"பார், எவ்வளவு மரியாதை!" என்று இதை என்னிடம் சொன்ன பாவூஜிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எண்பது வயதில் அதே சம்பவத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "அவனுடைய அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? பெருநாளன்று தன் கையால் செய்ததை அனுப்ப முடியாமல், கடைக்கு ஆள் அனுப்பும்போது?" என்றார்.

முப்பது வருடம் கழித்து அவருக்கே தோன்றிய கேள்வி அது. ஏக்கம் மட்டும் இருப்பவருக்கு இப்படி ஒரு கேள்வி எழாது.

2023 ஆகஸ்ட் 18, இரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதை வைத்துக்கொண்டு அந்த வீட்டாரைக் குறை சொல்ல யாராவது கிளம்பினால், எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாவூஜியின் அம்மா குளிர்காலத்தில் கடுகுக்கீரை மசியல் கொடுத்தனுப்புவார், மேலே ஒரு வெண்ணெய் உருண்டையோடு. என் பாட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். வாயார வாழ்த்துவாள். ஆனால் அந்தக் கிண்ணம் எங்கள் சமையலறை வாசற்படியைத் தாண்டியதில்லை. வெளியிலேயே உட்கார்ந்து நாங்கள் குழந்தைகள் சாப்பிடுவோம். பாத்திரம் தேய்க்க வந்த பெண்ணுக்கு ஜன்னல் விளிம்பில் ஒரு தனி டம்ளர் கவிழ்த்திருக்கும். அதில் காப்பியை உயரத்திலிருந்து ஊற்றுவாள் பாட்டி.

உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீரைப் பாவூஜி சொன்னபோதெல்லாம் எனக்குக் கண்முன் வந்தது அந்த டம்ளர்தான். என் பாட்டி நல்லவள். அந்தப் பெண்ணின் பிரசவத்துக்குத் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தவள். இரண்டும் ஒரே கைதான் செய்தது. பாட்டியின் மேல் எனக்கு இருக்கும் பாசம் குறையவில்லை, டம்ளரும் மறக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 21

ஒருவர் கேட்டார்: இந்து மண்டிக்காரரின் மகனுக்கு உருது எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரிந்த எழுத்தே உருதுதான். பஞ்சாபில் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் உருதுவில் நடந்தன. மரப்பலகையில் முல்தானி மண் பூசி, காயவைத்து, நாணல் பேனாவை மையில் தோய்த்து எழுதப் பழகியவர். "மிலாப்", "பிரதாப்" இரண்டும் லாகூரில் தொடங்கிய உருது நாளிதழ்கள்; பிரிவினைக்குப் பின் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று தினமும் வீட்டுக்கு வரும். நெற்றியில் திலகத்தோடு ஒருவர் வலமிருந்து இடமாகப் பத்திரிகை படிப்பதை எட்டு வயதில் பார்த்து நான் திகைத்துப்போனேன். பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் போய்ச் சொன்னால் பாதிப் பேர், எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் என்றார்கள்.

அவருடைய பிள்ளைகளுக்கு உருது தெரியாது. அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தைக்கூட அந்த வீட்டில் யாராலும் படிக்க முடியாது.

2023 ஆகஸ்ட் 21, தொடர்ச்சி

கணக்கு மட்டும் உருதுவில் இல்லை. வியாபாரிகள் லண்டே என்ற எழுத்தில் பேரேடு எழுதினார்கள். அதில் உயிர்க்குறிகளே கிடையாது. பாவூஜி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு ஒரு கதை சொல்வார், வடக்கே கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை: "லாலாஜி அஜ்மீர் போனார்" என்று கணக்கப்பிள்ளை எழுதிய கடிதத்தை "லாலாஜி ஆஜ் மர் கயே", அதாவது இன்று இறந்துவிட்டார் என்று படித்து, வீடே கூடி ஒப்பாரி வைத்ததாம். புள்ளி வைக்காத ஓலைச்சுவடி படித்த நம் பண்டிதர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

2023 ஆகஸ்ட் 27

கேள்வி கேட்ட வாசகர் மறுபடி வந்திருக்கிறார். "மண்டிக்காரர் மகனுக்கு அந்த ஊர் இனிப்பாகத்தான் இருக்கும். அவரிடம் கடன்பட்ட விவசாயியின் மகனைக் கேட்டீர்களா?" என்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். இந்தக் கேள்விக்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் அரைக் கிணறுதான்.

பஞ்சாபில் விவசாயி கடனில் பிறந்து கடனில் இறந்தான் என்பது அந்நாளைய அரசே ஒப்புக்கொண்ட விஷயம். நிலம் கைமாறிப் போகிறது என்று 1900இல் சட்டம் போட்டு, விவசாயச் சாதிகள் அல்லாதவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தார்கள். 1938இல் யூனியனிஸ்ட் கட்சி அமைச்சர் சோட்டு ராம் முயற்சியில் வட்டிக்கடைக்காரர் பதிவு, அடகு நிலம் மீட்பு என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. விவசாயிகள் கொண்டாடினார்கள். வியாபாரிகள் கறுப்புச் சட்டம் என்றார்கள். பாவூஜிக்கு அப்போது ஏழு வயது. அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

லயால்பூர் நகரில் 1941இல் ஏறத்தாழ 70,000 பேர். நகருக்குள் இந்துக்களும் சீக்கியர்களும் பெரும்பான்மை, மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. தராசுக்கு இந்தப் பக்கம் ஒரு மதம், அந்தப் பக்கம் இன்னொன்று என்பது போல அமைந்துபோன இடங்கள் நிறைய. (முழுவதும் அப்படி இல்லை. சீக்கிய விவசாயிகளும் கடன்பட்டவர்களே.)

ஆகவே வாசகர் சொல்வது நியாயம். பாவூஜியின் லயால்பூர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த லயால்பூர். எனக்கு இது இப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருடம் கேட்டும் இதை அவரிடம் நான் கேட்டதில்லை.

2023 செப்டம்பர் 3

கேட்டேன்.

கோபப்படுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். படவில்லை. "எங்கள் பேரேட்டில் வர வேண்டியது பக்கம் பக்கமாக இருந்தது. கொடுக்க வேண்டியது அரைப் பக்கம்தான் இருந்தது. அதிலிருந்தே தெரியவில்லையா?" என்றார். பிறகு, "ஆனால் அந்த அரைப் பக்கம் என் அப்பாவைத் தூங்கவிடவில்லை" என்றார். அதற்குமேல் பேசக் களைப்பாக இருந்தது அவருக்கு. அடுத்த முறை கேட்கிறேன்.

2023 செப்டம்பர் 4

"மூதாதையர் மண்" என்று இந்த வகைக் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

பாவூஜி பிறந்தபோது லயால்பூருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் அது சாந்தல் பார் என்ற முட்புதர்க் காடு. மாடும் ஒட்டகமும் மேய்த்து நகர்ந்துகொண்டிருந்தவர்களின் இடம். 1892இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறந்தது. கால்வாயில் தண்ணீர் வந்ததும் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து, ஜலந்தர், அமிர்தசரஸ், ஹோஷியார்பூர், சியால்கோட் பக்கமிருந்து விவசாயிகளைக் கூட்டி வந்து குடியேற்றினார்கள். கிராமங்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான்: எந்தக் கால்வாய்க் கிளையோ அதன் முதலெழுத்தோடு ஒரு எண். பாவூஜியின் தாத்தா அந்தக் கூட்டத்தின் பின்னால் கடை போட வந்தவர்.

மேய்ச்சல்காரர்களை வந்தேறிகள் "ஜாங்லி" என்று அழைத்தார்கள். காட்டான். பாவூஜியும் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்வார். அந்த ஊர் இல்லாமல் போனதற்காக அழுபவர்களைக் கேட்டிருக்கிறோம். அந்த ஊர் உண்டானதற்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள், அவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

1947இல் ஜலந்தர், ஹோஷியார்பூரிலிருந்து முன்பு போனவர்களின் பேரன்களில் பலர் அதே மாவட்டங்களுக்கே திரும்பி வந்தார்கள். லயால்பூர் கால்சா கல்லூரி ஜலந்தரில் மறுபடி திறந்தது, இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஜலந்தரிலிருந்து அந்தப் பக்கம் போன ஒரு கவ்வாலிப் பாடகர் குடும்பத்தில், 1948இல் லயால்பூரில் பிறந்தவர் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான். ஜலந்தரைப் பற்றி அங்கே எத்தனை பாவூஜிகள் சாக்கட்டியால் வரைந்துகாட்டினார்களோ.

2023 செப்டம்பர் 10

சில்லறை நினைவுகள் கேட்டவருக்கு. வரிசையாக வராது.

ஊரை ஒட்டி ஓடும் ரக் கிளைக் கால்வாயில் குதித்து நீந்துவது. வீட்டில் பிசைந்த மாவைத் தெருத் தந்தூருக்குக் கொண்டுபோய் ரொட்டி சுட்டு வருவது. எந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்ற செய்தி அங்கேதான் கிடைக்குமாம். கங்காபூர் கிராமத்தின் குதிரை ரயில்: கங்கா ராம் என்ற பொறியாளர் புச்சியானா ஸ்டேஷனிலிருந்து தன் பண்ணைக் கிராமத்துக்குத் தண்டவாளம் போட்டு, இன்ஜினுக்குப் பதில் குதிரையைப் பூட்டினார். பாவூஜி அதில் ஒருமுறை போயிருக்கிறார். அதே கங்கா ராம் பெயரில் 1921இல் லாகூரில் மருத்துவமனை வந்தது. பிரிவினைக்குப் பின் டில்லியில் அதே பெயரில் இன்னொன்று எழுந்தது, அதுவும் ராஜேந்திர நகரிலேயே. அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது பாவூஜி கையைத் தூக்கி ஒரு கும்பிடு போடுவார். டாக்டருக்குப் போடுகிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். குதிரை ரயிலுக்குப் போட்டிருக்கிறார்.

அப்புறம், 1907. வரி, நிலச் சட்டம் இவற்றை எதிர்த்து விவசாயிகள் லயால்பூரில்தான் கூடினார்கள். "தலைப்பாகையைக் காத்துக்கொள், விவசாயியே" என்ற பாட்டு அங்கே அந்த மார்ச் மாதத்தில் எழுந்தது. லாலா லஜபதி ராயையும், பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங்கையும் மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். அஜித் சிங் எத்தனையோ தேசம் அலைந்து 1947இல் திரும்பினார். அவர் இறந்தது 1947 ஆகஸ்ட் 15. இதைச் சொல்லும்போது பாவூஜிக்கு ஒவ்வொரு முறையும் குரல் உடையும். தன் குடும்பத்துக் கஷ்டத்தைச் சொல்லும்போது அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

2023 அக்டோபர் 1

"வந்த கதையைச் சொல்லவே இல்லையே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அவர் சொன்னதில்லை. சொன்னது இவ்வளவே: செனாப் நதிதான் எல்லையாக வரும், லயால்பூர் இந்தியாவில் இருக்கும் என்று கடைசிவரை நம்பினார்கள். சீக்கியத் தலைவர்கள் கேட்ட எல்லையும் அதுவே. ஆகஸ்ட் 17 அன்று ராட்கிளிஃப் கோடு வெளியானபோது ஊர் அந்தப் பக்கம் போயிருந்தது. முகாம். பிறகு பல்லோக்கி அணைக்கட்டு வழியாக நடை. செப்டம்பர் மாதம், ஓயாத மழை. "மழை பெய்தது" என்பார். அந்த இடத்தில் வாக்கியம் முடிந்துவிடும். லயால்பூரிலிருந்து கிளம்பிய நடைக்கூட்டத்தில் நான்கு லட்சம் பேர் வரை இருந்தார்கள் என்பதை நானாகத் தெரிந்துகொண்டேன்.

புறப்பட்டபோது அவருக்கு இரண்டு தங்கைகள். டில்லிக்கு வந்தது ஒருவர். நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். இங்கே யாரும் என்னை வற்புறுத்த வேண்டாம்.

2023 அக்டோபர் 2

முதல் குறிப்பில் "நேரான பதில்" என்று எழுதியது அவசரம். அண்ணன் தம்பி என்று அவர் சொல்லவில்லை என்பதால், அது அப்படி இருக்கவில்லை என்று ஆகிவிடாது. கொய்யா கொண்டுவந்த பையனைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் கொண்டுவர எனக்கு வரவில்லை.

2024 ஏப்ரல் 14

ஆறு மாதம் எழுதவில்லை. பாவூஜி குளிர்காலம் முழுக்கப் படுத்த படுக்கை. இப்போது உட்காருகிறார்.

நேற்று வைசாகி, இன்று நம் வருடப் பிறப்பு. நேற்றுப் போயிருந்தேன். பஞ்சாபில் வியாபாரிகள் வைசாகியன்று புதுப் பேரேடு திறப்பார்கள், நம் ஊர்க் கடைகளில் சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போடுவது போலவே. அந்த "அரைப் பக்கம்" என்ன என்று நேற்றுச் சொன்னார்.

முகாமுக்குப் போகும்போது அவர் அப்பா நகையை இடுப்பிலும் பேரேட்டைத் தலையிலும் கட்டிக்கொண்டு போனாராம். நகை வழியில் போய்விட்டது. பேரேடு வந்து சேர்ந்தது. வர வேண்டிய கடன் நூற்றுக்கணக்கில். ஒரே ஒரு சீக்கிய விவசாயி டில்லிக்குத் தேடிவந்து கொஞ்சம் கொடுத்தார். மற்றவற்றை அப்பா ஒரு நாள் மொத்தமாகக் கோடு போட்டு அடித்துவிட்டார். கொடுக்க வேண்டியதில் ஒரு வரி மிச்சம் இருந்தது. கார்கானா பஜாரில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு முஸ்லிமுக்கு, மூத்த மகள் கல்யாணத் துணிக்குச் சாயம் போட்ட கூலி. 37 ரூபாய் 8 அணா. ஜூலையில் கல்யாணம், செப்டம்பரில் ஊரே இல்லை.

1948 வைசாகிக்குக் கரோல் பாக்கில் நடைபாதைக் கடை. புதுப் பேரேட்டின் முதல் வரியாக அந்தக் கடனை எழுதிவிட்டுத்தான் அப்பா கணக்கைத் தொடங்கினார். அடுத்த வருடம் அதையே எடுத்து எழுதினார். அதற்கடுத்த வருடமும். அப்பா போன பிறகு பாவூஜி. கடை மூடியது 1998இல். அதன் பிறகு பேரேடு இல்லை; ஒரு பள்ளி நோட்டில் வருடம் ஒரு வரி எழுதி வந்திருக்கிறார். அணா போய், நயா பைசா வந்து, அதுவும் போய்விட்டது. அந்த வரி மாறவில்லை.

இந்த வருடம் கை நடுங்குகிறது. நோட்டை என்னிடம் நீட்டினார். எனக்கு லண்டே தெரியாது, உருதுவும் தெரியாது என்றேன். "உன் எழுத்தில் எழுது, யார் படிக்கப் போகிறார்கள்?" என்றார்.

எழுதினேன். "லயால்பூர், கார்கானா பஜார், சாயக்காரருக்குக் கொடுக்க வேண்டியது, ரூபாய் 37." எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன்.

"எட்டணா எங்கே?" என்றார்.